நரக பயம் நோயாகும்போது: போதகர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

இரட்சிப்பின் ஜெபத்தை இரவெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை முடித்த கையோடு, எதையோ விட்டுவிட்டோம் என்று மீண்டும் வரிசையில் நிற்பார்கள். ஆராதனை நடுவே கடவுளை நிந்திக்கும் வார்த்தை ஒன்று தானாக மனதில் ஓடிவிட்டால், மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டோம், இனி நரகம்தான் என்று திருவிருந்தையே விட்டுவிடுவார்கள். இவர்களைச் சபை பக்திமான்கள் என்று பாராட்டும். இல்லாவிட்டால் விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்ளும். இரண்டாலும் கேடுதான். பெரும்பாலும் இது ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம். இந்தப் பாடு பழையதும்கூட. 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், அறிக்கையிட்டு முடித்த பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

உதவ வருபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். "பயப்படாதீங்க, நீங்க நரகத்துக்குப் போகமாட்டீங்க" என்கிறோம். முகம் தெளிகிறது. கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி வேறு வசனத்தோடு திரும்பி வருகிறது. ஆறுதல் கிடைத்ததும் பயம் தணிவதால், அடுத்த முறையும் ஆறுதலைத் தேடு என்றே மூளை கற்றுக்கொள்கிறது. ஆகவே உபதேச விளக்கத்தை ஒரு தடவை, முழுமையாக, அவசரமில்லாமல் கொடுங்கள். மாற்கு 3-ல் இயேசு மன்னிக்கப்படாத பாவம் என்றது, கண்ணெதிரே நடந்த நன்மையைப் பார்த்தும் அது பிசாசின் வேலை என்று அடித்துச் சொன்னவர்களைப் பார்த்து. தானாக வந்த எண்ணத்துக்காக அழுகிறவர் அவர்களோடு சேர்ந்தவர் அல்ல. கத்தோலிக்கர் என்றால், கடவுளிடமிருந்து ஆன்மாவைப் பிரிக்கும் சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் ஒருசேர வேண்டும். விரும்பாமல் ஓடிய எண்ணத்தில் சம்மதமே இல்லை.

அதே கேள்வி மறுபடி வந்தால், "இதற்குப் பதில் சொல்லியாயிற்று" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்படித்தான் செய்யப்போகிறோம் என்று அவரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கைவிட்டதாக நினைப்பார். ஆலோசனை சொல்பவர் ஒருவராகவே இருக்கட்டும். நான்கு போதகர்களிடம் கேட்டால் நான்கு பதில் வரும், பயம் நான்கு மடங்காகும். இந்த எண்ணங்களும், பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்குகளும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தாலோ, தூக்கமும் வேலையும் கெட்டாலோ, மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். பயத்தை எதிர்கொண்டபடியே சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. எது பாவம், எது நோயின் குரல் என்பதில் போதகரும் மருத்துவரும் பேசி ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் நரகத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடலாமே என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. லூத்தரன் சபைகளின் 1530-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தண்டனைக்கு முடிவில்லை என்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் துன்மார்க்கர் முடிவில் அழிந்துபோவார்கள் என்று நம்புகிறார்கள். எல்லாரும் ஒருநாள் மீட்கப்படுவார்கள் என்று நான்காம் நூற்றாண்டிலேயே ஆயர் நிசா கிரகோரியார் எதிர்பார்த்தார். 1992-ல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் நரகம் உண்டு, அது நித்தியம் என்று சொல்லிவிட்டு, கடவுள் யாரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை, மனிதர் தம்மைத் தாமே விலக்கிக்கொள்வதே நரகம் என்று விளக்குகிறது. இவற்றில் எதை ஏற்றாலும், தேவ நீதி என்ற கேள்வி நிற்கத்தான் செய்யும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், வன்கொடுமைக்கு ஆளானவரிடம், "கடவுள் யாரையும் கணக்குக் கேட்கமாட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். அது அவர்களுக்கு இரண்டாவது அநீதி. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டது அவர்களுக்கான வார்த்தை. லூக்கா 12-ல், அறிந்து செய்தவனுக்கு அநேக அடி, அறியாமல் செய்தவனுக்குச் சில அடி என்று அளவு வைத்தே இயேசு பேசுகிறார்.

எரிநரகம் என்று இயேசு எச்சரித்ததெல்லாம் யாரிடம் என்று மத்தேயுவை வாசித்துப் பாருங்கள். சீஷர்களிடமும் மதத்தலைவர்களிடமும்தான். 18-ம் அதிகாரத்தில் அந்த எச்சரிக்கை, சிறுவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவர்களைக் குறித்த பேச்சோடு ஒட்டி வருகிறது. பிள்ளைகளைக் காக்கச் சொன்னதை எடுத்துப் பிள்ளைகளையே மிரட்டுகிறோம். ஞாயிறு பள்ளியில் நெருப்புப் படம் காட்டிவிட்டு, அந்தப் பயம் அடங்குமுன் "யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். சிறு பிள்ளைக்கு உருவகம் புரியாது. நெருப்பு என்றால் அடுப்பில் எரிவதுதான். கை தூக்கும் பிள்ளை மனந்திரும்பவில்லை, தப்பிக்கப் பார்க்கிறது. தூங்கப்போகும் நேரத்தில் இந்தப் பேச்சே வேண்டாம்.

துக்க வீட்டில் இன்னும் கவனம் தேவை. தற்கொலையால் இறந்தவருக்கு நரகம் என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. 1917-ம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், சுயநினைவோடு தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனநோயும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும், அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது மறைக்கல்வி நூல். எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி ஒருவரையும் அறிவித்ததில்லை.

உயிரோடு இருந்து, சாகலாமா என்று நினைப்பவரிடமும் "செத்தால் நரகம்" என்ற மிரட்டலை எடுக்காதீர்கள். அவர் எண்ணத்தை விடமாட்டார், உங்களிடமிருந்து மறைப்பார். "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், மருந்து, கயிறு, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். ஜெபத்தைப் போகும் வழியில் செய்துகொள்ளலாம்.