புதுப் பல்லில் ஏன் பழுப்புக் கறை?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. "சார், பால்பல் எல்லாம் வெள்ளையாத்தான் இருந்துச்சு. புதுசா முளைச்ச பல்லுல மட்டும் ஏன் இப்படிக் கறை?" கூடவே, ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று பிள்ளைக்கு ஒரு திட்டும் விழும். அது கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்.

தயவுசெய்து திட்டாதீர்கள். இது ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சில், ஏற்பட்ட குறை. முதலில் சுண்ணாம்பு பூசியதுபோல் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரியும், பிறகு அதில் பழுப்பு ஏறும். இடப்பக்கப் பல்லில் இருப்பது அப்படியே வலப்பக்கத்திலும் இருந்தால், நான் அடுத்து கேட்பது, "வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான். உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்த்தால் இது போகாது, எனாமல்தான் தேயும்.

இந்த மாவட்டங்களின் அடியில் இருக்கும் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்ற தாதுப்பொருள் மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. அது அளவுக்கு மீறிப் போவதால்தான் உருவாகும் பல்லில் இந்தக் குறை வருகிறது. நிறமோ வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதைவிட மிக அதிகமாக உள்ள நீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, குனியவும் கழுத்தைத் திருப்பவும் முடியாமல் போகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937-லேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

இதற்காகவே வந்தது, காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது, பெரிய நிம்மதி. ஆனால் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோறு வடிக்க, குழம்பு வைக்க, டீ போடப் போர் தண்ணீரையே எடுக்கும் வீடுகள் நிறைய. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். அரிசி உறிஞ்சும் தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது? "காய்ச்சித்தான் சார் குடிக்கிறோம்" என்பார்கள். கிருமிக்குச் சரி. ஃபுளோரைடு ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால், சின்னப் பிள்ளைகளுக்கு டீயே வேண்டாம்.

போர் தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். அளவு அதிகமென்றால் சமையலுக்கும் காவிரித் தண்ணீர், அல்லது முறையாகப் பிடித்துவைத்த மழைநீர். வசதி இருந்தால் ஆர்.ஓ. கருவியும் ஃபுளோரைடைக் குறைக்கும்.

ஏற்கெனவே கறை ஏறிய பல்லை மேலோட்டமாக மெருகேற்றியோ பல்நிறப் பூச்சு வைத்தோ சரிசெய்யலாம். அதைவிட அவசரம், வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகள். எட்டு வயதுக்குள் குடிக்கும் தண்ணீர்தான் அவர்களின் முன்பற்களைத் தீர்மானிக்கிறது. பெரியவனைக் கூட்டிவரும்போது அவர்களைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.