சித்திரமா, நாடகமா, "ரீச்சர் இருக்கிற பாடமா"?

இலங்கையில் தரம் 9 முடியும் காலத்தில் பாடத் தெரிவு பற்றிய பேச்சு வீட்டுக்கு வரும். தரம் 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சையான க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வணிகமா புவியியலா, ஐசிடியா விவசாயமா என்று வீட்டில் பெரிய விசாரணையே நடக்கும். சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியல் பாடங்களும் தமிழ் இலக்கிய நயமும் கிடக்கும் இரண்டாம் தொகுதிக்கு வந்ததும் பேச்சு அடங்கிவிடும். "எது லேசோ அதைப் போடு பிள்ளை." வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளில் அதுகூட இல்லை, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் தெரிவு.

உயர்தரம் படிக்க ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்று திறமைச் சித்தியாக ("சி" அல்லது அதற்கு மேல்) இருக்க வேண்டும். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தடுமாறும் பிள்ளைக்கு அந்த மூன்றில் ஒன்றை அழகியல் பாடம் கொடுத்துவிடும். பெற்றோருக்குச் சொன்னவுடன் பிடிபடுவது இந்தப் பயன்தான். ஆனால் இது சின்னப் பயன்.

ஒரு மண்குடத்தை மேசையில் வைத்து வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வாயை முழு வட்டமாகக் கீறுவார்கள். அடியை அடிமட்டம் வைத்ததுபோல நேர்கோட்டில் முடிப்பார்கள். வாய் வட்டம், மேசை மட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள், கண்டதை அல்ல. கண்ணுக்குப் படுவது நீள்வட்டம். அடிப்பகுதி கண்மட்டத்திலிருந்து இன்னும் தாழ இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத் தெரியும். இதைத் திருத்த முழங்கை மடியாமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் பெருவிரலுக்கும் இடையில் குடத்தின் அகலத்தைப் பிடிக்க வேண்டும். அந்த அகலம் உயரத்துக்குள் எத்தனை தரம் அடங்குகிறது என்று பார்த்து, எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் எல்லையைப் போட வேண்டும். நிழலுக்கு 4பி பிறகு வரலாம். இப்படிப் பத்துக் குடம் வரைந்த பிள்ளைக்கு, விஞ்ஞான அறையில் அளவுச்சாடியின் நீர்மட்டத்துக்கு ஏன் கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

தாளமும் அப்படித்தான். ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு (ஆவர்த்தனம்) எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. "தகதகிட" என்ற ஐந்தெழுத்துச் சொற்கட்டை, அட்சரத்துக்கு ஓரெழுத்தாக அதற்குள் ஓடவிட்டால், எட்டுத் தரம் சொன்ன பிறகு, ஐந்து ஆவர்த்தனம் முடிந்து, நாற்பதாவது அட்சரத்தோடு கணக்குத் தீர்ந்து சொற்கட்டும் தாளமும் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். பொது மடங்குகளுட் சிறியது என்று கணித வகுப்பில் படிப்பதைப் பிள்ளை இங்கே கையால் தட்டி அறிகிறது.

நாடகத்தைப் பற்றித்தான் பிழையான எண்ணம் அதிகம். கலைவிழா மேடைக்கு உடுப்புத் தைப்பதோடு அது முடிவதில்லை. மண்டபத்தின் ஒரு கரையில் ஒருவர், மறுகரையில் மற்றவர். கத்தாமல் ஒரு வசனம் கேட்க வேண்டும். தோள் உயர்ந்தால் மூச்சு மேல்நெஞ்சோடு நிற்கும். தொண்டை இறுகி, வசனத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படும். தமிழில் வினை வருவது கடைசியில். "நான் எடுத்தேன்", "நான் எடுக்கவில்லை" இரண்டுக்கும் வித்தியாசமே அங்கேதான். நேர்முகத் தேர்வில் பிள்ளை சொன்ன பதில் மேசைக்கு அந்தப்பக்கம் போய்ச் சேராததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் மன்னாரின் நாட்டுக்கூத்தும் ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய கலைகள். அந்தக் குரலுக்குரிய மூச்சைச் சொல்லித்தர ஊரில் கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார் இருந்தால், அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைப்பதற்கு ஒரு தேத்தண்ணிச் செலவு போதும்.

பிழை போவது எங்கே? பரீட்சை நெருங்கியதும் முதலில் பறிபோவது அழகியல் பாடவேளை. ஒரு பாடவேளை ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வர்ணம் கரைத்துத் தாளை ஒட்டவே பத்து நிமிடம் போய்விடும். அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து நேரசூசியில் போடும்படி பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும். வர்ணம் வாங்கக் காசில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. கிரவல் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, துணியில் வடித்து, ஓரிரவு அடைய விட்டு, மேல்நீரை ஊற்றிவிட்டால் நல்ல காவி கிடைக்கும். அடுப்புக்கரியை அரைத்தால் கறுப்பு. இரண்டுக்கும் விளாம் பிசின் கரைத்த நீர் சேர்க்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்ததும் கையோடு உதிரும், கூடினால் வெடிக்கும். மாரியில் இவை காயச் சுணங்கும் என்பதால் கார்த்திகை, மார்கழியில் பென்சில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

சங்கீதம், நடனம், நாடகம் எடுப்போருக்கு எழுத்துத் தாளோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. இரண்டு வருடமும் குறிப்பு மட்டும் எழுதிய பிள்ளை அங்கே திணறும். அதனால் முடிவெடுக்கும் முன் பாடசாலையில் மூன்று விஷயம் கேளுங்கள்: ஆசிரியர் நிரந்தரமா, கிழமைக்கு எத்தனை பாடவேளை உண்மையில் நடக்கிறது, செயன்முறைக்குப் பயிற்சி எப்போது தொடங்கும்.

பிள்ளையின் தரம் 9 சித்திரக் கொப்பியையும் ஒருமுறை விரியுங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று வகுப்பு முழுவதும் ஒரே படமாக இருந்தால், அது கரும்பலகையைப் பார்த்துக் கீறியது. வன்னியில், மாங்குளத்தில் எங்கே மலை? குளக்கட்டும் தண்ணீர் திறக்கும் துருசும் ஓரத்தில் மருதமரமும் கொஞ்சம் கோணலாகவாவது அதில் இருந்தால், அந்த ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.