பசியை அடக்கும் ஊசி ஏன் வயிற்றையும் புரட்டுகிறது?

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், எத்தனை கிலோ இறங்கியது என்பதற்கு அடுத்தபடியாகக் குமட்டலைப் பற்றித்தான் சொல்வார். செமாக்ளுடைடு ஊசி போட்டுக்கொள்பவன் என்ற முறையில் எனக்கும் அது நன்றாகவே பழக்கம். பசி அடங்குவதற்கும் வயிறு புரட்டுவதற்கும் காரணம் ஒரே ஹார்மோன்தான். இது புரிந்தால் பக்கவிளைவுகளைச் சமாளிப்பது பாதி எளிதாகிவிடும்.

சாப்பிட்டது சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்குள்ள சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். போதும், நிறுத்து என்று மூளைக்கும் தெரிவிக்கும். ஆனால் அதன் ஆயுள் மிகக் குறைவு. டிபிபி-4 என்ற நொதி இரண்டே நிமிடங்களில் பாதியைச் சிதைத்துவிடுகிறது. அப்படியே ஊசியில் ஏற்றினால் பிரயோசனமில்லை.

இதற்கு வழி கிடைத்தது ஒரு பல்லியிடமிருந்து. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் வாழும் கிலா மான்ஸ்டரின் நச்சில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும், ஆனால் சட்டென்று சிதையாத எக்சென்டின்-4 என்ற பெப்டைடை ஜான் எங் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். 1992-இல் அது வெளியானது. அதை வைத்து உருவான எக்செனடைடு 2005-இல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. அதையும் நாளைக்கு இரண்டு முறை போட வேண்டியிருந்தது. பின்னால் வந்த செமாக்ளுடைடில் மனித ஹார்மோனையே திருத்தினார்கள். நொதி வெட்டும் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி ஒரு கொழுப்பு அமிலத்தையும் இணைத்தார்கள். இதனால் மருந்தின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் ஒரு வாரமானது.

குமட்டலுக்கும் இதில்தான் காரணம் இருக்கிறது. உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோன் சாப்பாட்டுக்குப் பின் ஏறி, சற்று நேரத்தில் இறங்கிவிடும். மருந்தோ, ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் செல்களின் ஏற்பிகளை வாரம் முழுக்க விடுவதில்லை. மூளைத்தண்டில் ஏரியா போஸ்ட்ரீமா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ரத்தத்தில் கலப்பவை மூளைக்குள் எளிதில் புகாதபடி காக்கும் தடுப்பு அங்கே கிடையாது. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் கண்டுபிடித்து வாந்தியைத் தூண்டுவது அதன் வேலை. அங்கே ஜிஎல்பி-1 ஏற்பிகள் நிறையவே உண்டு. வயிறு நிறைந்த உணர்வைக் கையாளும் பகுதியும் அதை ஒட்டியே இருக்கிறது. இந்த இரண்டு வேலைகளையும் வெவ்வேறு நரம்பணுக்கள் பார்க்கின்றன என்று எலிகளில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் காட்டியது. குமட்டாமல் பசியை மட்டும் அடக்கும் மருந்து ஒருநாள் வரும் என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தது அதுதான்.

டோஸ் கூட்டிய வாரங்களில் எனக்கு ஊசி போட்ட மறுநாள் மதியம் குமட்டல் தொடங்கும். காலையில் சாப்பிட்டது மாலை வரை மேல்வயிற்றில் கல்லாக நிற்கும். ஏப்பம் வந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். தட்டில் பாதி மிச்சமிருக்கும்போதே கை நின்றுவிடும். வீணாக்கக் கூடாதென்று இன்னும் நாலு வாய் சாப்பிட்டால் இரவு முழுக்க அவஸ்தைதான். எண்ணெய்ப் பண்டம் என்றால் இன்னும் மோசம். கொழுப்பு இயல்பாகவே இரைப்பையில் தங்கி மெதுவாகத்தான் இறங்கும். மருந்து அதை மேலும் தாமதப்படுத்துகிறது.

அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றி, 16 வாரம் கழித்து 2.4-ஐ எட்டுகிறார்கள். இரைப்பையின் மந்தம் நாளடைவில் குறைந்துவிடும், பசியின் அடக்கம் நீடிக்கும். 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். குமட்டல் வந்தவர்கள் 44 சதவீதம், வெற்று ஊசியிலும் 17 சதவீதம். வாந்தி எடுத்துத்தான் இளைக்கிறார்கள் என்ற பேச்சு உண்டே, அது சரியில்லை. தரவுகளை அலசியபோது எடைக் குறைவில் வயிற்றுத் தொல்லைகளின் பங்கு 1 சதவீதப் புள்ளிக்கும் கீழேதான். மாற்றம் தலைக்குள் நடக்கிறது. அடுத்து என்ன சாப்பிடலாம் என்று நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்த எண்ணம் ஓய்ந்தபோதுதான், இத்தனை காலம் மனவுறுதிக் குறைவு என்று பிறர் பழித்தது உடலின் வேதியியல் என்பது எனக்கு உறைத்தது.

குமட்டலைவிட நான் கவலைப்படுவது தசையைப் பற்றி. குறையும் எடையில் கணிசமான பங்கு கொழுப்பில்லாத திசு. புரதம் போதுமான அளவு சாப்பிடுவதும் எடை தூக்கிப் பயிற்சி செய்வதும் இதற்காகத்தான். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரலாம், முடி கொட்டலாம். கணைய அழற்சி அரிது. ஆனாலும் வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பரவினால் வீட்டில் காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் மயக்க மருந்து தரும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசி வேண்டாம்.

நிறுத்தினால் பசி திரும்பிவிடுகிறது. அதே ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தது. எவ்வளவு காலம் போட வேண்டியிருக்கும் என்ற கேள்வியை முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.