"பொம்பளைதானே, பயமில்லை"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடும் தாய்மார், தூங்கும் பிள்ளையைத் துண்டோடு தூக்கிவந்து ஆயா மடியில் போட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். இன்று பேக்டரி பஸ் வருகிறது. ஆயாவுக்குப் பதில் பக்கத்து வீட்டு அத்தை. "பொம்பளைதானே, பயமில்லை" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

பெரும்பாலும் அது சரிதான். பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்வோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஆனால் பெண்களும் உண்டு. பிராங்கா கோர்ட்டோனி என்ற கனடா ஆய்வாளரின் குழு 12 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டது. போலீசுக்குப் போன பாலியல் குற்றங்களைச் செய்தவர்களில் பெண்கள் சுமார் 2 சதவீதம். பாதிக்கப்பட்டவர்களையே கேட்ட கணக்கெடுப்புகளிலோ ஏறத்தாழ 12 சதவீதம். பெரியவர்கள் மீதான குற்றங்களும் இதில் சேரும். ஆனாலும் ஆறு மடங்கு வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

மீதியெல்லாம் எங்கே மறைகிறது? குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, பக்கத்தில் படுக்கவைப்பது எல்லாம் பெண்கள் வேலை என்று விட்டிருக்கிறோம். அந்தக் கைகள் எப்போது எல்லை தாண்டின என்று மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கொஞ்சம் வளர்ந்த பையன் வாய் திறந்தாலோ, "உனக்கென்னடா, அதிர்ஷ்டக்காரன்" என்று சிரிக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அந்தச் சிரிப்பைக் கேட்டவன் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வான்?

செய்பவர்கள் எல்லாரும் ஒரே ரகமில்லை. 1989இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மிகச் சில பெண்களை வைத்து மூன்று வகை சொன்னார்கள்: பதின்ம வயதுப் பையனோடு தனக்கிருப்பது காதல் என்று நம்புபவர், சிறுவயதில் தானே சிதைக்கப்பட்டவர், ஓர் ஆணின் மிரட்டலுக்குப் பணிந்து கூட்டாளியானவர். பின்னால் வந்த ஆய்வுகள் வகைகளைக் கூட்டினாலும், அந்த மூன்றாவது வகை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஆண் குற்றவாளிகளுக்கென்று உருவான சிகிச்சையை அப்படியே இவர்களுக்குக் கொடுத்தால் போதாது என்பது அதனால்தான்.

மலேசியாவின் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் அதில் குற்றம்.

சந்தேகம் வந்தால் பிள்ளையிடம், "அத்தை உன்னைத் தொட்டாங்களா?" என்று கேட்காதீர்கள். பதிலை நாமே ஊட்டுவதாகிவிடும். "அத்தை வீட்டுல இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை முகம் மாறாமல் இருங்கள். "அப்புறம்?" என்பது மட்டும் போதும். பிறகு 15999க்கு அழையுங்கள். தாலியான் காசே என்ற மலேசிய அரசாங்க உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.