ஷாஃப்ட் பைக்குக்கும் ஆயில் மாற்ற வேண்டும்!

பின்சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது என்று மறுபடியும் ஒரு ஷாஃப்ட் டிரைவ் பைக், அதாவது செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் வண்டி, பட்டறைக்கு வந்தது. சக்கரத்தை ஒட்டியிருக்கும் கியர் பெட்டியின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். கறுப்பாக, தார் போல ஏதோ கொஞ்சம் வடிந்தது. போல்ட் நுனியில் இருக்கும் காந்தத்தில் இரும்புச் சிம்புகள் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "இதற்கு ஆயில் உண்டா? செயின் இல்லாத வண்டி, மெயின்டனன்ஸே கிடையாது என்றுதானே விற்றவர் சொன்னார்!"

கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள், பேரிங், சீல் எல்லாம் போயிற்று. அந்தச் செலவில் பல செட் செயின் ஸ்ப்ராக்கெட் வாங்கிப் போட்டிருக்கலாம்.

"மெயின்டனன்ஸ் கிடையாது" என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. செயினை வாரக் கணக்கில் கவனிக்க வேண்டும், ஷாஃப்ட்டை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கவனிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். செயின் வெளியே தெரிகிறது. காய்ந்தால் கீச்சிடும், துருப்பிடித்தால் கண்ணில் படும், தளர்ந்தால் தடதடக்கும். ஷாஃப்ட் மூடிக் கிடப்பதால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். அது சத்தம் போடும் நாளில் பெரும்பாலும் வேலை முற்றியிருக்கும்.

உள்ளே என்னதான் இருக்கிறது? ஒரு தண்டு, அதன் முனையில் வளைந்து கொடுக்கும் ஜாயிண்ட் கிராஸ், பல்வரிசையாக ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஸ்ப்லைன்கள், கடைசியில் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பும் கிரவுன்-பினியன். இதில் உரசாத பாகம் எது? 1923-இல் பிஎம்டபிள்யூ ஆர்32 ஷாஃப்ட்டோடு வந்த காலத்திலிருந்து உலோகம், சீல், ஆயில் எல்லாம் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனால் பல்லும் பல்லும் உரசினால் நடுவில் எண்ணெய்ப் படலம் வேண்டும் என்பது மாறவில்லை.

அந்த எண்ணெயும் கொஞ்சமே கொஞ்சம். சில மாடல்களில் 200 மில்லிகூட இருக்காது. அவ்வளவு சிறிய அளவு தேய்ந்த உலோகத் துகளையும் சூட்டையும் எத்தனை காலம் தாங்கும்? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது, எந்த ரகம், எத்தனை மில்லி என்பதெல்லாம் உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கிறது; தயவுசெய்து புரட்டிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு ஜிஎல்-5 ரக ஹைப்பாய்ட் கியர் ஆயில்தான். எஞ்சின் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். சூட்டில் விரிவதற்கு இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வந்தால் எங்கே போகும்? பின் டயருக்கும் பிரேக் டிஸ்க்குக்கும்தான்.

காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பான தேய்மானம். கையில் குத்தும் சிம்பு இருந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஸ்ப்லைன் விஷயத்தில் என் சக மெக்கானிக்குகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. சக்கரம் ஸ்ப்லைனில் மாட்டும் வகை வண்டிகளில், டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போதே பல்வரிசையைத் துடைத்து, மேனுவல் சொல்லும் மாலிப்டினம் கிரீஸைத் தடவிவிட்டால் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் அப்படியே மாட்டி அனுப்புகிறார்கள். காய்ந்த ஸ்ப்லைன் செம்மண் நிறத்தில் பொடியாகி, பல் கூராகி, ஒருநாள் மொத்தமாக வழுக்கிவிடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. டயர் மாற்றும்போது நீங்களே கேட்டு வாங்குங்கள். தண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வழியே தண்ணீர் போனால் ஜாயிண்ட் கிராஸ் துருப்பிடித்து இறுகும். ஓட்டத்தில் உடைந்தால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

சரி, செயின்காரர்களே, சிரிக்காதீர்கள். ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் சக்கரம் சுற்றச் சுற்றத் துணியால் செயினைத் துடைக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும். கையை இழுக்க நேரமே இருக்காது. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைக்க என்ன கேடு?

இணைப்புகளில் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். ரிங் கெட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும். தளர்வை மேனுவல் சொல்லும் அளவில் வையுங்கள். சாலை வண்டிகள் பலவற்றில் அது 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கும், சஸ்பென்ஷன் உயரமான வண்டிகளில் இன்னும் அதிகம். விறைப்பாக இருந்தால் நல்லது என்று இறுக்கினால் எஞ்சின் பக்கப் பேரிங் பலியாகும். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் கிளிப் லிங்க் இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு: நீண்ட தூரம், நிறைய சுமை, கையில் கிரீஸ் படாமல் போக வேண்டும் என்றால் ஷாஃப்ட். எடை குறைவு, சக்தி இழப்பு குறைவு, ஸ்ப்ராக்கெட் மாற்றி இழுவையைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டுமென்றால் செயின். இரண்டும் நல்லவைதான்.

பழைய ஷாஃப்ட் வண்டி வாங்கப் போகிறீர்களா? சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். கியர் பெட்டியைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் அந்த ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். "இதற்கு ஆயிலா?" என்று பதில் வந்தால், விலையில் ஒரு கியர் பெட்டியின் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.