மேளக்காரருக்கும் ராயல்டி உண்டு: பதிப்புரிமைச் சட்டம் வாசிப்பவருக்குத் தருவது என்ன?

எங்கள் அப்பா தவில்காரர். 1997-ல் கும்பகோணத்துக்கு வந்த ஒரு கேசட் கம்பெனிக்காக, ஒரு நாயன (நாதஸ்வர) செட்டோடு சேர்ந்து ஒருநாள் முழுக்க வாசித்துக் கொடுத்தார். சாயங்காலம் ஒரு தாளை நீட்டினார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரி. மடியில் இருந்த தவில் உறை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்று மல்லாரியில் தொடங்கி மங்களம் வரை வாசித்தது எல்லாம் இன்று யூடியூபில் இருக்கிறது, நடுவில் விளம்பரம் ஓடுகிறது. தவில் யார் என்று ஒரு வரிகூட இல்லை.

வாசித்தவருக்கென்று சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தம் அதைக் கொடுத்தது. 1995 மே மாதம் அமலுக்கு வந்தது. 2012-ல் வந்த திருத்தம் அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. காவிரி டெல்டாவில் வாசிக்கிற, பாடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் காதில் விழுவது ஒரே பாட்டு. சட்டத்தின் கண்ணில் அதற்குள் மூன்று சொத்து. எழுதி மெட்டமைத்தவருடையது ஒன்று. அதைப் பதிவு செய்தவருடையது இன்னொன்று. பாடியவர், வாசித்தவருடையது மூன்றாவது. இசைத் தொழிலில் கைமாறுகிற காசு எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் பேரில்தான் கைமாறுகிறது.

எழுதி மெட்டமைத்தவரின் உரிமை, அவர் ஆயுள் முழுவதும், காலமான வருஷம் முடிந்த பிறகு 60 வருஷமும் நிற்கும். தியாகராஜர் 1847-ல் சித்தியடைந்தார். திருவையாற்றில் ஆராதனை அன்று ஆயிரம் பேர் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடினாலும், நீங்கள் அதை வாசித்து ஆல்பம் போட்டாலும், கீர்த்தனைக்காக யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. முத்துசுவாமி தீட்சிதருக்கும் சியாமா சாஸ்திரிகளுக்கும் அப்படியே. பாபநாசம் சிவன் காலமானது 1973-ல். அவர் பாடல்களுக்கான உரிமை 2033 டிசம்பர் 31 வரை உயிரோடு இருக்கிறது. கச்சேரி மேடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஆனால் பதிவு செய்து விற்கும்போது இரண்டுக்கும் கணக்கு வேறு. இன்னொன்று: சட்டத்தில் சாகித்தியம் (பாட்டின் வரிகள்) தனி, மெட்டு தனி. புதுப் பாட்டு ஒன்று செய்து பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்துகொள்ள நினைத்தால் இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000. விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பார்கள். பதிந்தால்தான் உரிமை பிறக்கும் என்பதில்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால் கையில் ஒரு சான்று, அவ்வளவுதான்.

ஒலிப்பதிவின் உரிமை, முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்தவருக்கு. இது பலருக்கும் தெரியாமல் போகிற இடம். ஸ்டுடியோ வாடகையை நீங்களே கொடுத்து, ஆள் கூப்பிட்டு, நீங்களே நின்று பதிவு செய்தால் நீங்கள்தான் தயாரிப்பாளர். கம்பெனி செலவு செய்தால் கம்பெனி. இது வெளியான வருஷம் முடிந்ததிலிருந்து 60 வருஷம்.

இனி வாசித்தவர் விஷயத்துக்கு வருவோம். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்கிற 'நிகழ்த்துபவர்' வரிசையில் பாடகர், வாத்தியக்காரர், ஆடுபவர் தொடங்கிப் பாம்பாட்டி, கழைக்கூத்தாடி வரை இருக்கிறார்கள். தவில்காரர் கட்டாயம் இருக்கிறார். உங்கள் வாசிப்பைப் பதிவு செய்யவும், அந்தப் பதிவைப் பிரதி எடுக்கவும், விற்கவும், நேரலையில் விடவும் உங்கள் அனுமதி வேண்டும். சொந்த உபயோகத்துக்கு, பாடம் நடத்த, செய்தியில் ஒரு துண்டு காட்ட என்றால் விலக்கு உண்டு. கோயில் வாசலில் நிற்கும் பக்தர் தன் போனில் எடுத்து வைத்துக்கொள்வது வேறு. சேனல்காரர் மூன்று கேமரா வைத்து சுவாமி புறப்பாட்டை நேரலை விட்டு விளம்பரக் காசு பார்ப்பது வேறு. இரண்டாவது ஆள் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். இந்த உரிமை, வாசித்த வருஷம் முடிந்ததிலிருந்து 50 வருஷம்.

2012 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. சினிமாவில் வாசிக்க எழுத்தில் சம்மதித்துவிட்டால், படத்தை ஓட்டாதே என்று பிறகு மறிக்க முடியாது; ஆனாலும் வாசிப்பு வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி, அதாவது அந்தப் பயன்பாட்டுக்கான பங்குத் தொகை, உங்களுக்கு உண்டு. பெயரைப் போடு என்று கேட்கும் உரிமையும், வாசித்ததைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமையும் உண்டு. மற்ற உரிமைகளை எழுதிக்கொடுத்த பிறகும் இந்த இரண்டும் உங்களை விட்டுப் போகாது. அப்பா விஷயத்தில் எனக்கு உறுத்துவது காசு இல்லை, அந்தப் பெயர்தான்.

காசு எப்படி வரும்? பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வசூல் செய்து தருவது மும்பையில் இருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் இசாம்ரா என்ற சங்கம். உறுப்பினராகச் சேர்ந்து, நீங்கள் வாசித்த பதிவுகளைப் பட்டியல் கொடுத்தால்தான் உங்கள் பேருக்குக் கணக்கு விழும். வெளியாகிற பதிவை அடையாளம் காட்ட 12 எழுத்து-எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஒன்று கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதி வையுங்கள். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: சினிமா ரெக்கார்டிங்குக்குப் போகிறவருக்குச் சங்கம் உதவும். திருவிழாவும் முகூர்த்தமுமாக ஓடுகிற நம் ஊர் செட்டுக்கு, கையெழுத்துப் போடுகிற தாள்தான் முக்கியம்.

அந்தத் தாளைப் பற்றிச் சட்டம் சொல்வது: உரிமையை எழுதிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த வாசிப்பு, எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த ஊர்வரை, ராயல்டி எவ்வளவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருஷம் எழுதாவிட்டால் 5 வருஷம் என்று கொள்ளப்படும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிக்கொண்டவர் ஒரு வருஷம் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய அது காலாவதி. இன்று வழக்கத்திலேயே இல்லாத ஒரு புது வழி நாளைக்கு வந்தால், பழைய தாள் அதற்குச் செல்லாது, அந்த வழியைப் பெயர் சொல்லி எழுதியிருந்தாலன்றி. "நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவிலும்" என்று தாளில் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள். பதிலுக்கு இப்படி எழுதச் சொல்லலாம்: "இந்த வாசிப்பை இன்ன சேனலில் மட்டும் மூன்று வருஷம் வெளியிடலாம். நாயனம், தவில், ஒத்து, தாளம் வாசித்தவர்கள் பெயர் போட வேண்டும். விளம்பர வருமானத்தில் இத்தனை சதவீதம் செட்டுக்கு." நாலு வரிதான். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் லைசென்ஸ் வேண்டும் என்று மண்டபத்துக்காரர்கள் மிரட்டுவதுண்டு. வேண்டாம். சமயச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்திலும் வாசிப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது; 2023 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிப்பிலும் இதைத் தெளிவுபடுத்தியது. வாசிப்பதோடு சரி. அதே பாட்டை வீடியோ எடுத்துச் சேனலில் போட்டால் அந்த விலக்கைக் காட்டித் தப்ப முடியாது.

நீங்களே வாசித்த தியாகராஜர் கீர்த்தனைக்கு யூடியூபில் வேறு கம்பெனி உரிமை கோரினால் பயப்பட வேண்டாம். அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது இயந்திரம். ஒரே ராகம், ஒரே கீர்த்தனை என்றால் சில சமயம் குழம்பிவிடும். கீர்த்தனை பொதுச்சொத்து, வாசிப்பும் பதிவும் என்னுடையது என்று மறுப்புப் போடுங்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும். எழுதிக்கொடுத்த தாளில் தகராறு என்றால் வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம். தெரிந்தே திருடினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு.

கடைசியாக, வீட்டில் பேச வேண்டிய ஒன்று. 2025-ல் நீங்கள் வாசித்தது 2075 வரை சொத்து. சங்கத்தில் சேரும்போது வாரிசு பெயரைக் கொடுத்துவிடுங்கள். என்றைக்கு, எங்கே, யாரோடு, யார் பதிவு செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதி, நாயனத்துச் சீவாளி வைக்கிற பெட்டியிலேயே போட்டு வையுங்கள். அப்பாவின் ரசீது என்னிடம் இருக்கிறது. அதில் தேதி மட்டும்தான் தெளிவாக இருக்கிறது.