டீசல் பிக்கப்பில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது: அமெரிக்கச் சட்டம் சொல்வது

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர் காதில் ‘டிலீட்’, அதாவது புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை நீக்குவது, என்ற வார்த்தை என்றாவது ஒருநாள் விழாமல் இருக்காது. டிபிஎஃப்பைக் கழற்றிப் போடு, ஈஜிஆரை அடைத்துவிடு, என்ஜின் மென்பொருளை மாற்றும் ஒரு டியூனரைச் செருகு, மைலேஜும் கூடும், இழுவையும் கூடும், அந்தப் பாழாய்ப்போன என்ஜின் விளக்கும் எரியாது என்பார்கள். சட்டம் விடுமா என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். “ஆஃப்ரோடுக்கு என்று எழுதித்தானே விற்கிறான்”, இல்லையென்றால் “நம் மாநிலத்தில் டீசலுக்குப் புகைச் சோதனையே கிடையாதே”. இரண்டுமே உங்களைக் காப்பாற்றாது.

காரணம், இது கூட்டரசின் சட்டம். தூய காற்றுச் சட்டத்தின் 203வது பிரிவு இரண்டு விஷயங்களைத் தடுக்கிறது. ஒன்று, வண்டியோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் கழற்றுவது அல்லது வேலை செய்யாமல் ஆக்குவது. இரண்டாவது, அப்படி ஆக்குவதையே முக்கிய வேலையாகக் கொண்ட பாகத்தைத் தயாரிப்பது, விற்பது, விற்பதாக விளம்பரம் செய்வது, பொருத்துவது. “என் வண்டி, என் கராஜ், நானே கழற்றினேன், யாருக்கு என்ன?” என்ற வாதம் ஒரு காலத்தில் எடுபட்டிருக்கும், அப்போது தடை உற்பத்தியாளர், டீலர், ஒர்க்‌ஷாப் போன்றவர்களுக்குத்தான். 1990 திருத்தத்துக்குப் பிறகு அது எந்த நபருக்கும் பொருந்தும், வண்டிக்காரரும் சேர்த்தி.

சரி, புகைக் கட்டுப்பாட்டுச் சாதனம் என்றால் எது எது? டிபிஎஃப் கரித்தூளைப் பிடித்து வைத்து, அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடுகிற வடிகட்டி. 2007 மாடல் வண்டிகளோடு பரவலாக வந்தது. எஸ்சிஆர் என்பது டெஃப் திரவத்தைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுவது. டெஃப் வேறொன்றும் இல்லை, 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான தண்ணீர். ஈஜிஆர் புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பி எரியும் சூட்டைக் குறைக்கிறது. இவற்றோடு வினையூக்கி, சென்சார்கள், எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஓபிடி. உங்கள் வண்டியில் என்னென்ன இருக்கின்றன என்பது பானெட்டைத் தூக்கினால் அங்கே ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும்.

பலர் தவறவிடுவது மென்பொருளை. சட்டத்தின் பார்வையில் டியூனும் ஒரு பாகம்தான். சொல்லப்போனால் அதுதான் சாவி: டிபிஎஃப்பை மட்டும் கழற்றினால் கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்துவிடும், அதன் வாயை அடைக்கத்தான் டியூன் தேவைப்படுகிறது. ஈபிஏ எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டியூன் விற்பவர்களைத் துரத்துவது அதனால்தான்.

அப்படியானால் எக்ஸாஸ்ட்டைத் தொடவே கூடாதா? தொடலாம். கடைசிச் சாதனத்துக்கும் கடைசிச் சென்சாருக்கும் பின்னால் இருப்பது வெறும் குழாயும் சைலன்சரும்தான், அங்கே பெரிய குழாய் போட்டாலும் ஸ்டெயின்லெஸ் போட்டாலும் இந்தச் சட்டம் கேட்காது (சத்தத்துக்கு மாநில விதி தனி). டிபிஎஃப்புக்குப் பின்னால் உள்ள குழாய்களை ‘டிபிஎஃப்-பேக்’ என்று விற்கிறார்களே, அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சில கம்பெனி வண்டிகளில் டிபிஎஃப்தான் கடைசி, சிலவற்றில் அதற்குப் பிறகு எஸ்சிஆர் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஏர் இன்டேக், டியூன் போன்றவற்றுக்கும் வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம், அதாவது கார்ப், சோதித்து ஏற்ற பாகங்களுக்கு ஒரு நிர்வாக ஆணை எண் தருகிறது. புகை அதிகமாகாது என்று நம்பத் தகுந்த ஆதாரமாக ஈபிஏவும் 2020 நவம்பரில் வெளியிட்ட தன் கொள்கையில் அதை ஏற்கிறது. பெட்டியில் ‘50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் போதாது. ஆணை எண் வேண்டும், அந்த எண் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் பொருந்த வேண்டும். டிலீட் கிட்டுக்கு அப்படி ஒரு எண் கிடைக்கவே கிடைக்காது.

‘ஆஃப்ரோடு மட்டும்’, ‘ரேஸுக்கு மட்டும்’ ஸ்டிக்கர் விற்பவரின் கவசம், அதுவும் ஓட்டைக் கவசம். உண்மையாகவே பந்தயத்துக்கு மட்டும் மாற்றி, ரோட்டுக்கே வராத வண்டியின் சொந்தக்காரரை ஈபிஏ வழக்கமாகத் தேடிப் போவதில்லை என்பது சரி. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற, டிரெய்லர் இழுக்கிற பிக்கப் எந்தக் கணக்கிலும் பந்தய வண்டி ஆகாது.

அபராதத்துக்கு வருவோம். சட்டப் புத்தகத்தில் தனிநபருக்கு 2,500 டாலர், உற்பத்தியாளருக்கும் டீலருக்கும் வண்டி ஒன்றுக்கு 25,000 டாலர் வரை என்று இருக்கும். விலைவாசிக்கேற்ப ஏற்றியதில் 2025 ஜனவரியில் அவை 5,911, 59,114 டாலராகிவிட்டன. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு வைப்பதால்தான் விற்பவர்களுக்குத் தொகை லட்சக்கணக்கில் போகிறது. வழக்குப் போட அரசே வர வேண்டும் என்றும் இல்லை. யூட்டாவில் ஒரு மருத்துவர்கள் அமைப்பு, டிவியில் டீசல் வண்டிகளால் பிரபலமானவர்கள் மீது வழக்குத் தொடுத்து, 2020ல் சுமார் 8.5 லட்சம் டாலர் அபராதம் விதிக்க வைத்தது. பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை: ராம் பிக்கப் என்ஜின்களுக்காக கம்மின்ஸ் 2024ல் 167.5 கோடி டாலர் சிவில் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

ஏன் இவ்வளவு கடுமை? பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கை வைத்திருக்கிறார்கள் என்று 2020ல் ஈபிஏ கணக்கிட்டது. அந்த வண்டிகள் தம் ஆயுளில் கூடுதலாக விடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். சரியாக இருக்கும் 90 லட்சம் பிக்கப்களைப் புதிதாக ரோட்டில் இறக்கியதற்குச் சமம்.

சோதனை விஷயம்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 14,000 பவுண்டு வரையுள்ள 1998 மாடல் முதலான டீசல் வண்டிகளும் ஸ்மாக் எனப்படும் புகைச் சோதனைக்குப் போக வேண்டும். டெக்சஸில் டீசலுக்கு விலக்கு. பிடிக்க ஆள் இல்லை என்பதால் தடை இல்லை என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

டிலீட் செய்பவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. டெஃப் சென்சார் ஒன்று பழுதாகி வண்டி நடுவழியில் தவழ ஆரம்பித்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். 2025 ஆகஸ்டில் ஈபிஏவே, அப்படித் திடீரென்று சக்தி இறங்காதபடி மென்பொருளைத் திருத்தச் சொல்லி உற்பத்தியாளர்களுக்கு வழிகாட்டுதல் விட்டது. டீலரிடம் அப்டேட் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். டெஃப் டேங்கைக் கழற்ற அது அனுமதி இல்லை. அப்புறம், கூட்டரசு விதிப்படி புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கென்று தனி வாரன்டி உண்டு, வண்டியோடு வந்த புத்தகத்தில் காலமும் மைலும் இருக்கும். அதைப் பார்க்காமலேயே சொந்தப் பணத்தைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். வேறு கம்பெனிப் பாகம் போட்டிருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்க 1975ன் மேக்னசன்-மாஸ் சட்டம் விடாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். டிலீட் செய்த வண்டியில் அதைக் காட்டுவது அவர்களுக்குச் சுலபம்.

பழைய பிக்கப் வாங்குபவர்கள் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முந்தைய ஓனர் கழற்றிவிட்டுப் போயிருந்தால் பிரேக், டயர் வேலைக்கு எந்த ஒர்க்‌ஷாப்பும் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் டிபிஎஃப் இருந்த இடத்தில் துருப்பிடித்த நேர்க்குழாய்க்குப் பதில் புது நேர்க்குழாய் போட்டுத் தரச் சொன்னால், போடுகிறவர் அதே 203வது பிரிவில் மாட்டுவார், அதனால் விவரம் தெரிந்த கடைக்காரர் மாட்டேன் என்றுதான் சொல்வார். டிபிஎஃப், எஸ்சிஆர், சென்சார்கள், அசல் மென்பொருள் என்று எல்லாவற்றையும் திரும்பப் போட ஆகும் செலவை வண்டி விலையில் கழித்துப் பேசிவிட்டு வாங்குங்கள்.